ஆணியில் தொங்கிய மூடி

அழுகிற ஆட்களைச் சமாளிக்க மைக்குக்குத் தெரியும். ஒரு டம்ளர் தண்ணீர், இரண்டு மொக்கை ஜோக், அவ்வளவுதான் விஷயம். அழாமல் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆட்களிடம்தான் அவன் பாச்சா பலிப்பதில்லை. அன்றைக்குக் காலையில் டீச்சரின் எதிரே உட்கார்ந்திருந்த பெண் ஒரு சொட்டுக்கூட அழவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான்," என்றாள். "எங்கப்பாவை நான்தான் கொன்னேனான்னு தெரியணும். ஆமான்னாலும் பரவாயில்லை, சொல்லிடுங்க."

டீச்சர் மேசைமேல் இருந்த பேனாவைத் திருப்பி வைத்தார். இருபத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்து, பரீட்சை ஹாலில் நடந்து நடந்தே பிட் பிடித்தவர். கடைசியாகப் பிடித்தது பள்ளிக்கூட முதலாளியின் மகனை. மறுநாள் வேலை போயிற்று. டயர் கடைக்கு மேலே இரண்டு அறை எடுத்துத் துப்பறியும் நிறுவனம் தொடங்கிவிட்டார். மைக் அவருடைய உதவியாளன். அதற்கு முன் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நாற்காலி, கட்டில் தள்ளுபடி விற்பனையை ஊருக்கெல்லாம் அறிவித்தவன். அந்த வேலை போய்விட்டது, குரல் மட்டும் போகவில்லை.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றார் டீச்சர்.

அவளுக்கு இருபத்தாறு வயது. அப்பா பல் டாக்டர். அவருடைய கிளினிக்கிலேயே அவளும் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் டாக்டரை வீட்டில் பிடிக்க முடியாது. அவருடைய மச்சான், அதாவது அவளுக்குத் தாய்மாமா, மருந்துக்கடை வைத்திருக்கிறார். இரண்டு பேரும் ஆளுக்கொரு கயாக்கை எடுத்துக்கொண்டு கரையிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே போய்த் தூண்டில் போடுவார்கள்.

"கயாக்குன்னா?" என்றான் மைக். "நான் பார்த்த ஒரே படகு என் கால் செருப்புதான்."

"ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து ஓட்டற பிளாஸ்டிக் படகு. உள்ளே காலியா இருக்கும். தண்ணி கசிஞ்சா வடியறதுக்குப் பின்முனையில கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ஓட்டை. அதுக்கு ஒரு திருகு மூடி. கடல்லேருந்து வந்ததும் கழற்றிடணும், அப்பத்தான் உள்ளே காயும். போறப்ப மறக்காம போடணும்."

"மறந்தா?"

"தண்ணி உள்ளே வந்துக்கிட்டே இருக்கும். வர்றது தெரியாது. படகு கனத்து, ஒரு அலையில கவிழ்ந்துடும். உள்ளே தண்ணி ரொம்பின படகுல திரும்ப ஏற முடியாது. ஏற ஏற உருளும்." அவள் குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியது. "மூடி போடறதும் கழற்றறதும் என் வேலை. பத்து வருஷமா நான்தான்."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மட்டும்தான் கரைக்குத் திரும்பினார். மறுநாள் டாக்டரின் உடல் பாறையோரம் ஒதுங்கியது. லைஃப் ஜாக்கெட் போட்டபடிதான் இருந்தார். ஆனால் ஜாக்கெட் ஆளை மிதக்க வைக்குமே தவிர, முகத்தில் அடிக்கிற அலையை நிறுத்தாது. படகு வேறோர் இடத்தில் கவிழ்ந்து கிடந்தது, ஓட்டை திறந்திருந்தது. அன்று சாயங்காலம் அம்மா எல்லோரையும் வீட்டுக் கொல்லைப்புறத்து ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினாள். ஆணியில் மூடி தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அப்பனை முழுங்கிட்டு நிக்கிறியேடின்னாங்க. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசறதில்லை. நான் ஆக்கினா சாப்பிடறதில்லை. முப்பத்தெட்டு நாளா தினம் காலைல கால்ல விழறேன். காலை இழுத்துக்குவாங்க." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "அன்னைக்கு மூடியைப் போட்டேனான்னு யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன், ஞாபகமே வரமாட்டேங்குது டீச்சர். வாராவாரம் பண்றது. கை பாட்டுக்குப் பண்ணிடும், மனசுல பதியாது."

மைக்குக்கு வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை. அப்படி ஒரு நிலைமை வருஷத்துக்கு ஒருமுறைதான் வரும்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே அந்த மூடி. அன்றைக்கே ஆணியிலிருந்து எடுத்து உறையில் போட்டதுதான், அப்புறம் தொடத் தெம்பில்லை என்றாள்.

டீச்சர் மூடியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நாக்கை நீட்டி அதை ஒரு நக்கு நக்கினார்.

"டீச்சர்!" என்று அலறினான் மைக். "பசிச்சா சொல்லுங்க, கீழே கடை இருக்கு."

"உப்பு," என்றார் டீச்சர். "பாரு, திருகு வரிக்குள்ள எல்லாம் வெள்ளையா படிஞ்சிருக்கு. ஏம்மா, மூடியைக் கழற்றினதும் நேரா ஆணியில மாட்டிடுவியா?"

"சேச்சே. உப்போட மாட்டினா ரப்பர் வளையம் வெடிச்சுடும். நல்ல தண்ணியில கழுவிட்டுத்தான் மாட்டுவேன். கடல்லேருந்து வந்த எதையும் கழுவாம மாட்ட மாட்டோம்."

"ஒருநாள்கூட விட்டதில்லை?"

"கை பாட்டுக்குப் பண்ணிடும்."

"சரி. முந்தின வாரம் கழுவி மாட்டினே. நீ மறந்துட்டதா சொல்றாங்களே, அப்படின்னா அந்த ஞாயிற்றுக்கிழமை மூடி ஆணியை விட்டு நகரவே இல்லை. நகராத மூடியில உப்பு எங்கேருந்து வந்துச்சு?"

டீச்சர் மூடியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"இது அன்னைக்குக் கடலுக்குப் போயிட்டு வந்திருக்கும்மா. நீ போட்டிருக்கே. வேற யாரோ கழற்றியிருக்காங்க."

அப்போதுதான் அவள் அழுதாள். முப்பத்தெட்டு நாள் அழுகையும் ஒரே மூச்சில் வந்தது. மைக் உயிர் வந்தவனாக எழுந்து தண்ணீர் டம்ளரைத் தேடினான்.

மத்தியானம் ஷெட்டுக்குப் போனார்கள். வழியில் கடற்கரையில் காரை நிறுத்தச் சொல்லி, ஒரு வாளி கடல்தண்ணீர் மொண்டுவரச் சொன்னார் டீச்சர். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டதற்கு, "கேள்வி கேட்டா ரெண்டு வாளி," என்று பதில் வந்தது.

ஷெட்டுக்கு ஒரே சாவிதான். அது அம்மாவின் இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்தது. மகள் கேட்டதும் அம்மா கொத்தை அவள் கையில் கொடுக்கவில்லை. தரையில் போட்டாள். மகள் குனிந்து எடுத்துக்கொண்டாள். பழகிப்போன குனிதல் என்று மைக்குக்குப் பட்டது.

உள்ளே எல்லாம் ஒழுங்கு. டாக்டர் எதையும் கட்டிவைக்கிற ஆள் போலிருக்கிறது. துடுப்புக்கு ஒரு கயிறு, தூண்டில் கழிக்கு ஒரு கயிறு, கத்தரிக்கோலுக்கு ஒரு கயிறு, மூக்குக்கண்ணாடிக்குக்கூட ஒரு கயிறு. சிவப்பு நிறக் கயாக் இரண்டு பழைய டயர்கள்மேல் கிடந்தது. மூலையில் போலீஸ் திருப்பிக் கொடுத்த லைஃப் ஜாக்கெட். அதன் தோளில் கட்டியிருந்த பிளாஸ்டிக் விசிலை மகள் தொடாமல் காட்டினாள். ஊதுகிற முனை பல் பட்டு நசுங்கிச் சப்பையாகக் கிடந்தது.

"மாமா என்ன சொன்னார்?"

"மீன் தேடி ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டோம், விசில் கேட்கவே இல்லைன்னார். அப்பா கஷ்டப்பட்டிருக்க மாட்டார், கவிழ்ந்ததுமே போயிருப்பார்னார்."

கஷ்டப்படாதவர் விசிலை இப்படிக் கடித்திருக்க மாட்டார்.

டீச்சர் வாளித் தண்ணீரில் ஒரு கயிற்றை முக்கி எடுத்து, "இதை அந்த ஆணியில மாட்டிடும்மா," என்று போகிறபோக்கில் நீட்டினார். மகள் அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடந்த சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே கயிற்றை வாங்கி, வாசல் குழாயைத் திறந்து அலசி, உதறி, ஆணியில் மாட்டினாள். பேச்சு ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை. மைக் அதைக் கவனித்தான். எதற்கென்றுதான் புரியவில்லை.

சண்டை இதுதான். மாமா கடையிலிருந்து வந்த மரப்பு ஊசி மருந்து போட்டு, கிளினிக் நாற்காலியிலேயே ஒரு பேஷண்டுக்கு மூச்சுத் திணறிவிட்டது. உயிர் தப்பியது பெரும்பாடு. டாக்டர் சீசாவைச் சுரண்டிப் பார்த்தால் லேபிளுக்குக் கீழே இன்னொரு லேபிள். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே காலாவதியான சரக்கு. "திங்கட்கிழமைக்குள்ள நீயே போய் ஒத்துக்கோ, இல்லைன்னா நான் போவேன்," என்று போனில் கத்தியிருக்கிறார்.

"சனிக்கும் திங்களுக்கும் நடுவுல ஒரு ஞாயிறு வருதே," என்றான் மைக்.

"வாயை வீணாக்காம படகுல ஏறி உட்காரு."

ஏறினான். படகு முனகியது. "இப்ப கையை நீட்டிப் பின்னாடி இருக்கற ஓட்டையைத் தொடு." மைக் இடப்பக்கம் திரும்பினான், வலப்பக்கம் திரும்பினான், ஒருமுறை மல்லாந்தும் பார்த்தான். ஓட்டை இன்னும் மூன்று முழம் தள்ளி இருந்தது.

"என் மாமியார் வீடே இதைவிடப் பக்கம் டீச்சர்."

"அவ்வளவுதான். உட்கார்ந்திருக்கறவனால தொட முடியாது, திரும்பிப் பார்க்கவும் முடியாது. பக்கத்துல இன்னொரு படகு வந்து ஒட்டி நின்னாத்தான் முடியும். அன்னைக்கு அப்பாவோட போட்டோ ஏதாவது இருக்காம்மா?"

இருந்தது. காலை எட்டு நாற்பதுக்கு டாக்டர் மகளுக்கு அனுப்பிய கடைசிப் படம். கையில் பெரிய மீன், முகம் நிறையச் சிரிப்பு, தானே எடுத்துக்கொண்டது. டீச்சர் விரலால் சிரிப்பை ஓரம் தள்ளி, தோளுக்குப் பின்னால் பெரிதாக்கினார். நீலக் கயாக் ஒன்று சிவப்புக் கயாக்கின் வாலோடு உரசி நின்றது. அதில் இருந்தவர் முன்னால் குனிந்து, இந்தப் படகின் வாலில் கை வைத்திருந்தார்.

"இரை மாத்தறப்ப படகு ஆடாம இருக்க ஒருத்தர் படகை ஒருத்தர் பிடிச்சுக்குவாங்க," என்றாள் மகள் மெதுவாக. பிறகு அவள் வாய் கோணிக்கொண்டது. "ஆயிரம் தடவை பார்த்திருப்பேன் டீச்சர். அப்பா சிரிப்பையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

நாலு மணிக்கு மாமா வந்தார். சட்டைப்பையில் சீப்பு, வாயில் எப்போதும் ஒரு ஆறுதல். அக்காவின் தோளைத் தொட்டார், மகளின் தலையைத் தடவினார். அவள் தலை அந்தக் கைக்குக் கீழே விறைத்துக்கொண்டதை மைக் பார்த்தான். அம்மாவும் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"பெரிசா ஒண்ணுமில்லை, ரிப்போர்ட் எழுதணும், அவ்வளவுதான்," என்றார் டீச்சர். ஈரம் சொட்டுகிற ஒரு கயிற்றை வாளியிலிருந்து எடுத்து மாமாவிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் மாட்டிடுங்களேன். எனக்கு ஆணி எட்டலை."

மைக்குக்குச் சட்டென்று எல்லாம் புரிந்தது. உப்போடு மாட்டுகிறவன் எவனோ அவன்தான் கள்ளன். மாட்டுடா ராசா, மாட்டு என்று மனசுக்குள் கூவினான்.

"பாவம் சின்னப் பொண்ணு, மறதி யாருக்கும் வரும். நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை," என்றபடி மாமா கயிற்றை வாங்கினார். குழாயடிக்கு நடந்தார். திறந்தார். அலசினார், உதறினார், ஆணியில் மாட்டினார்.

மைக்குக்கு முகம் தொங்கிப்போயிற்று. அத்தனை தூரம் வாளி தூக்கியது தண்டம். மாமாவும் அவர்கள் ஆள்தான், அவர் கையும் கை பாட்டுக்குக் கழுவுகிறது. கடலுக்குப் போகிற எவனும் அந்த மூடியை உப்போடு மாட்டியிருக்க மாட்டான்.

டீச்சர் முகம் மாறவே இல்லை. கடையில் வாங்கிய புது மூடி ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்து வாளியில் முக்கி, அதற்கென்று பெரிய முக்கியத்துவம் எதுவும் கொடுக்காமல் வாசல் பக்கம் நீட்டினார்.

"அம்மா, இதையும் மாட்டிடுங்க."

அம்மா இரண்டு விரலால் வாங்கினாள். குழாயைத் தாண்டி நடந்தாள். சுவரில் ஏழு ஆணிகள் இருந்தன. மூன்றாவதில் மாட்டினாள். மூடியிலிருந்து கடல்தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

பத்து வருஷமாக அந்த மூடி தொங்குகிற ஆணி அது.

மகள்தான் முதலில் பேசினாள். "அம்மா. கழுவலையே நீ."

"எதைடி?"

"அன்னைக்கு வரைக்கும் இந்த ஷெட்டுக்குள்ள காலே வைக்காதவங்க நீங்க," என்றார் டீச்சர். "மீன் நாத்தம் ஆகாதாமே, உங்க பொண்ணு சொன்னா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வந்து நேரா இந்த ஆணியைக் காட்டினீங்களே, மூடி எந்த ஆணிக்குன்னு அப்ப எப்படித் தெரிஞ்சுது? அன்னைக்கு மாட்டின மாதிரியே இன்னைக்கும் மாட்டியிருக்கீங்க. சாவியும் உங்ககிட்டதான். உங்க தம்பி மூடியைக் கழற்றிப் பையில போட்டுக் கொண்டுவந்தார். ஆனா ஷெட்டு பூட்டியிருந்துச்சு. அதனால உங்ககிட்ட கொடுத்தார். எந்த ஆணின்னும் சொல்லிக்கொடுத்தார். கழுவணும்னு சொல்ல மறந்துட்டார். அது அவர் கை பாட்டுக்குப் பண்றதாச்சே, சொல்லணும்னு தோணியிருக்காது. சரிதானே சார்?"

மாமா சீப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "என்ன உளர்றீங்க? அக்கா, நீ ஒண்ணும் பேசாத."

அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. மகள் கிளினிக்கிலிருந்து எடுத்து வந்திருந்த லேபிள் உரித்த சீசாவையும், டீச்சர் பெரிதாக்கிய போட்டோவையும் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அம்மா மகளைப் பார்த்தாள். முப்பத்தெட்டு நாளில் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "மறந்ததுக்கு யாரும் ஜெயில்ல போட மாட்டாங்கடி. இவனைப் போட்டுடுவாங்க. போனவர் போயிட்டார், இருக்கறவனையாவது காப்பாத்தணும்னு நினைச்சேன். நீ சின்னவ. ரெண்டு வருஷத்துல கல்யாணம், குழந்தை, எல்லாம் சரியாப் போயிடும்னு நினைச்சேன்."

"தினமும் கால்ல விழுந்தேனேம்மா."

"அதான் காலை இழுத்துக்கிட்டேன். தாங்க முடியலைடி."

இப்படியும் ஒரு தாங்கமுடியாமை இருக்குமா என்று மைக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தம்மாளை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல இருந்தது. டீச்சர் கண்ணாலேயே அடக்கினார். பிறகு மூலையிலிருந்து லைஃப் ஜாக்கெட்டை எடுத்து வந்து, விசிலை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தம்பி உங்ககிட்ட என்ன சொன்னார்? கவிழ்ந்ததுமே போயிட்டார்னா?"

அம்மா விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முப்பது வருஷம் கூடக் குடித்தனம் பண்ணினவருடைய பல் தடம். கட்டைவிரலால் தடவினாள்.

"டேய். இது கேட்டுதாடா உனக்கு?"

மாமா சுவரைப் பார்த்தார்.

"கேட்கறேன்ல. கேட்டுதா?"

"...கேட்டுச்சுக்கா."

"எவ்வளவு நேரம்?"

"தெரியலை. பத்து மணி வரைக்கும். கரைப்பக்கம் வந்தப்புறமும் லேசா கேட்டுச்சு." அவர் சட்டென்று குரலை உயர்த்தினார். "நான் என்ன பண்ண முடியும்? போய்த் தூக்கியிருந்தா திங்கட்கிழமை என்னை உள்ளே தள்ளியிருப்பார்!"

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். புருஷன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூப்பிட்டிருக்கிறார், கேட்டுக்கொண்டே துடுப்புப் போட்டு வந்தவனுக்காகப் பெற்ற மகளைக் கொலைகாரி ஆக்கியிருக்கிறாள். அது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அவளைப் பார்த்து மைக்குக்கு இரக்கம் வரவில்லை. வராததற்காக அவன் வெட்கப்படவும் இல்லை.

தெருமுனையில் போலீஸ் ஜீப் நின்றது. டீச்சர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். மாமா ஓடவில்லை, ஓடுகிற ஆளும் இல்லை. சட்டையைச் சரிசெய்துகொண்டு, "எனக்குப் பிரஷர் மாத்திரை எடுத்துக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

"உங்க கடை மாத்திரைன்னா வேண்டாம் சார், தேதியைப் பார்த்துக்குங்க," என்றான் மைக். அன்றைக்கு அவன் சொன்ன கடைசி ஜோக் அதுதான்.

டீச்சர் மகளிடம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "புகார் உன் கையாலதான் எழுதணும். மாமாவோட முடிச்சுடலாம். இல்லை, தடயத்தை மாத்தி வச்சதுக்கு அம்மாவையும் சேர்க்கலாம். நீ சொல்றதுதான். நாளைக்கு யோசிச்சும் சொல்லலாம், அவசரமில்லை."

மகள் சுவரோரம் போனாள். மூன்றாவது ஆணியிலிருந்து மூடியை எடுத்தாள். குழாயைத் திறந்து திருகு வரிக்குள் நகத்தை விட்டுத் தேய்த்து அலசினாள்.

"சேர்த்துக்குங்க," என்றாள்.

"அடியே!" தரையில் இருந்தபடியே அம்மா அவள் புடவை முந்தானையைப் பிடித்தாள். "உன்னைப் பெத்தவடி நான். அதுகூடவா மறந்துபோச்சு உனக்கு?"

மகள் முந்தானையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். மூடியை உதறி ஆணியில் மாட்டினாள்.

"மறந்துட்டேம்மா," என்றாள். "நான்தான் மறக்கிறவளாச்சே."